எட்டாவது சத்தம்

எழுபத்து மூன்றாம் வருசம் ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினேன். போக வேண்டிய இடம் உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் என் தம்பி பழனிச்சாமியின் ஏலத்தோட்டம். அவன் பெண்டாட்டி சரசு வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். காய் எடுக்கிற சமயம், ஆக்கிப் போட ஆள் இல்லை, பத்து நாள் வந்து இரு அக்கா என்று கடுதாசி போட்டிருந்தான். அந்தப் பக்கம் போகாதவர்களுக்கு வழி தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன். அங்கே நடந்ததை நினைத்தால் வருகிற கோபமும் எழுதுவதற்கு ஒரு காரணம். அதை மறைக்கப் போவதில்லை.

பொள்ளாச்சிக்கு டிக்கெட் தொண்ணூறு காசு. ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டலுக்குள் தனியாகப் போய் உட்காரக் கூச்சம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பழனி பஸ்ஸில் சன்னலோரம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். பழனியில் ஒன்பதேகாலுக்கு வேறு பஸ். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று வெயிலில் வெந்து, போடிநாயக்கனூரில் இறங்கும்போது மணி மூன்று.

போடியிலிருந்து மேலே ஜீப். ஆளுக்கு நாலு ரூபாய். கிளம்பும் முன்னால் டிரைவர் ஒவ்வொரு தலையாக விரலை நீட்டி எண்ணினார். உரமூட்டைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த என்னையும் விடவில்லை. "மூலையில ஒரு அம்மா. பதினாலு," என்றார். போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவு பதினேழு என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள், பதினெட்டு என்று டிரைவர் சொன்னார். நான் கண்ணை மூடியிருந்தேன்.

மெட்டில் எல்லைச் செக்போஸ்ட்டுக்காரர்கள் வண்டியை நிறுத்தி, அரிசி கடத்திக்கொண்டு போகிறோமா என்று பார்த்தார்கள். என் பையைத் தொட்டு, "இதுல என்னம்மா?" என்று கேட்டார் ஒருவர். நிலக்கடலையும் கருப்பட்டியும்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்துப் பெண்தான் பையைப் பிரித்துக் காட்டி, "கடலைங்க சார், பாவம், அது பேசாது போல," என்றாள். எனக்கு அப்படித்தான். அன்னிய ஆம்பிளைகள் கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அறுபத்திரண்டு வயசாகியும் போகவில்லை.

பூப்பாறை, சாந்தம்பாறை தாண்டி, ஆறரை மணிக்குத் தோட்டத்து முக்கில் இறக்கிவிட்டார்கள். நாலு ஏக்கர் தோட்டம். பெரிய மரங்களின் நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலம் அடர்ந்து நிற்கிறது. உள்ளே புகுந்தால் பத்தடிக்கு அப்பால் இருப்பவரைப் பார்க்க முடியாது. ஐப்பசியில் மூடுபனி வேறு. தோட்டத்துக்குக் கீழே ஓடை, மேலே ஜீப் ரோடு. வேலையாட்கள் பக்கத்து எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருந்து வருகிறவர்கள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். எல்லாம் சேசு கும்பிடுகிறவர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கிழங்கில் பாதியைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போயிருந்தது. நாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அங்கே கப்பை என்கிறார்கள். மழை மாதத்தில் அதுதான் வயிற்றுக்கு. ஏலக்கன்றுகளையும் நோண்டிப் போட்டிருந்தது. தம்பி கையைப் பிசைந்துகொண்டு சவரிமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினான்.

சவரிமுத்து லயத்தில் இருக்கிற காவல்காரர். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அவரிடம் மட்டும்தான் இருந்தது. எட்டு மணிக்கு வந்து, சுவட்டைப் பார்த்துவிட்டு, பன்றி இன்னும் தோட்டத்துக்குள்தான் படுத்திருக்கிறது என்றார். விரட்ட எட்டுப் பேர் வேண்டும். ஓடையில் இருந்து ரோடு வரைக்கும் வரிசையாக நின்று, சத்தம் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். மறுமுனையில் பாறைக்குப் பக்கத்தில் அவர் துப்பாக்கியோடு நிற்பார். வந்தது ஏழு பேர். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல்.

"அக்கா வரட்டும்," என்றான் தம்பி. "சந்து விட்டா பன்னி அதுல திரும்பிரும்."

சவரிமுத்து எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "ஓ ஓன்னு சத்தம் குடுத்துக்கிட்டே வரணும். ஒருத்தரும் நிப்பாட்டக் கூடாது. வாய மூடுனா நீங்க ஆளு இல்ல, பன்னி. என் காதுக்கு அப்படித்தான். எட்டுச் சத்தமும் எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நான் வெரல வைப்பேன்."

லூர்து என்கிற பெண், கையில் மண்ணெண்ணெய் தகரம் வைத்திருந்தவள், "மாமா, எனக்குத் தகரமும் இருக்கு, வாயும் இருக்கு. ரெண்டா எண்ணிராதீங்க," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

என்னை மேலே ரோட்டோரத்தில் நிறுத்தக் கூட்டிக்கொண்டு போகும்போது தம்பி சொன்னான்: "நீ சத்தம் கித்தம் போட வேண்டாம் அக்கா. லயத்து ஆளுக முன்னாடி நம்மூட்டுப் பொம்பள கூவுனா நல்லாவா இருக்கும்? சும்மா நடந்து வா, போதும்."

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

என்னை விட்டுவிட்டு அவன் பாறைக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் விசில் கேட்டது. நடந்தோம். கீழே இருந்து ஒவ்வொரு சத்தமாக வந்தது. எனக்கு அடுத்து லூர்துவின் தகரம். ரோட்டோரமாகவே போயிருப்பேன், வழியில் ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்தது. ஏறித் தாண்ட முடியவில்லை. சுற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். ஈர மண் வழுக்கியது. காலில் அட்டை. ஏலத்தட்டைகளைப் பிடித்துப் பிடித்து இறங்கியதில், தகரச் சத்தம் எனக்கு மேலே, பின்னால் கேட்டது. அப்போதே வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டேன் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஒரு ஏலத்தூரைச் சுற்றி வந்தேன், பன்றி நின்றது. என்னிடமிருந்து ஐந்தாறு எட்டுதான். பின்பக்கம் எனக்கு, முகம் வெளியே பாறைப்பக்கம். முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. அதற்கு அப்பால் வெள்ளையாகப் பனி. பனிக்கு அப்பால் இரண்டு பேர் அடிக்குரலில் பேசுவது கேட்டது.

"அடி சவரி. தல தெரியுதுல்ல."

"ஏழுதான் கேக்கு மொதலாளி."

"ஏழு போதும்."

"எட்டுப் பேரு உள்ள போனாவ. நான் எண்ணுனேன்."

"எட்டாவது எங்கக்கா. அவ கூவ மாட்டா, நாந்தான் வேண்டாம்னேன். அவள கணக்குல சேக்காத. அடி, போயிரும்."

"அக்கா எங்க நிக்காவ?"

"மேல ரோட்டோரம்."

"நீங்க கண்டீங்களா?"

"எங்கக்காளை எனக்குத் தெரியாதா? அடிடா."

நான் இங்கே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை. ஓ என்றாலும் போதும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. குண்டு வந்தால் பன்றியைத் தப்பினாலும் என்னைத் தப்பாது என்று தெரிகிறது, இருந்தும் என் தொண்டை திறக்கவில்லை. ஆம்பிளைகள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் பேசாதே என்று சின்ன வயசில் யார் யாரோ சொன்னது, அந்த நேரத்திலும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

டக் என்று ஒரு சின்னச் சத்தம். துப்பாக்கியின் சுத்தியலை அவர் மெதுவாக இறக்கிவிட்ட சத்தம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதைக் கேட்டுப் பன்றி தலையைத் திருப்பியது, என்னைப் பார்த்தது, ஒரே பாய்ச்சலில் ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டது.

பன்றி நின்ற இடத்தின் வழியாகவே நான் வெளியே வந்தேன். சவரிமுத்து என்னைப் பார்த்தார். தூரைப் பார்த்தார். துப்பாக்கியைப் பாறையில் சாத்திவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. "கால்ல அட்டை இருக்கு அக்கா. உப்பு வச்சு எடுங்க," என்றார்.

தம்பி சொன்னது இது: "நீ ஏன் இங்க வந்த? மேலதான நிக்கச் சொன்னேன்."

அன்றைக்குச் சாயங்காலமே அவன் ஒரு கதை கட்டிவிட்டான். சவரிமுத்துவுக்கு வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது, எட்டுச் சத்தம் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லி, எதிரே நின்ற பன்றியை அடிக்கப் பயந்துவிட்டான் என்று. கை நடுங்கியதை விரட்ட வந்தவர்களும் பார்த்திருந்தார்கள். எப்போது நடுங்கியது என்று எவருக்கும் தெரியாது. மறுநாள் பன்றி வந்து மீதிக் கிழங்கையும் முடித்துவிட்டது. கதைக்கு அது சாட்சியாகிவிட்டது.

அடுப்படியில் சரசுவிடம் சொன்னேன். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். அவள் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "உங்க தம்பிக்கு எண்ணத் தெரியாது நங்கையா. நான் விழுந்து சோறு ஆக்காம கெடந்த அன்னிக்குத்தான் ஊட்டுல ஒரு ஆளு கொறையுதுன்னு அவருக்குத் தெரிஞ்சுது."

பத்து நாள் முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். காலை எட்டு மணி. முக்கு டீக்கடைக்கு முன்னால்தான் ஜீப் நிற்கும். கடையில் தோட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சவரிமுத்து ஒரு காகிதத்தோடு ஓரமாக நின்றார். துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், இவரால் எங்கள் பயிருக்குக் காவல் என்று நாலு தோட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி போய்விடும். எல்லாரும் என் தம்பி முகத்தைப் பார்த்தார்கள்.

"கை நடுங்கற ஆளுக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்றான் தம்பி. "இவன் சத்தத்த எண்ணி முடிக்கறதுக்குள்ள பன்னி குட்டி போட்டுரும்."

"அடுத்த தடவ சிலேட்டு கொண்டு வரட்டும்," என்றார் ஒருவர். கடை முழுக்கச் சிரித்தது.

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். உன் அக்கா பின்னால் நின்றாளே என்றால் போதும். விருந்துக்கு வந்த பெண்பிள்ளையைச் சந்தியில் இழுக்க வேண்டாம் என்று அந்த மனுசன் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய அந்த மரியாதை மேலேயும் எனக்குக் கோபம் வந்தது. நான் ஊமையாக இருந்ததற்கு அவர் எத்தனை விலை கொடுப்பார்?

டிரைவர் எண்ண ஆரம்பித்திருந்தார். "வெளியில நிக்கற அம்மாவோட பன்னெண்டு. ஏறுங்கம்மா."

நான் ஏறவில்லை. கடை வாசலுக்குப் போனேன்.

"அவரு கை அப்ப நடுங்கலைங்க," என்றேன். "நான் பன்னிக்குப் பின்னால நின்னேன். அஞ்சாறு எட்டுல. சத்தம் போட வேண்டாம்னு சொன்னது என் தம்பி. என்னைக் கணக்குல சேக்காதன்னு சொன்னதும் அவன்தான். ரெண்டையும் என் காதால கேட்டேன். இவரு என்னையும் சேத்து எண்ணுனாரு. அதனாலதான் அடிக்கல. பன்னிய உட்டுட்டாரு, நான் உசுரோட நிக்கறேன். அதுக்கா சிரிக்கறீங்க?"

எனக்கு மூணாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

சிரிப்பு நின்றுவிட்டது. குஞ்சப்பன் என்கிற மலையாளத் தோட்டக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எட்டாமத்தெ ஆளு இவங்களோ?" என்று தம்பியைக் கேட்டார். அவர் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். தம்பிக்கு வந்தது.

"அக்கா, வண்டி போகுது பாரு. ஏறு மொதல்ல."

"நீ போடு மொதல்ல. நான் இல்லாம வண்டி போகாது. டிரைவரு என்னை எண்ணியாச்சு."

டிரைவர் ஹார்ன் அடித்தார். உள்ளே இருந்த ஒரு கிழவர், "யோவ், போட்டுத் தொலையேன், போடியில எனக்கு பஸ்ஸு இருக்கு," என்று கத்தினார். தம்பி காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டான். போய் வா என்று சொல்லவில்லை. நானும் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

வண்டி நகரும்போது சவரிமுத்து பக்கத்தில் வந்தார். "இப்பக் கேட்டுது அக்கா," என்றார்.

மலை இறங்கும்போது கண்ணை மூடவில்லை. வளைவு பதினேழுதான். டிரைவர் சொன்னது தப்பு.

இரவு எட்டு மணிக்குக் கொழிஞ்சாம்பாறை வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கம் வெட்டவெளி. பனை வரிசைக்கு அப்பால் ஒரு மைல் தூரத்தில் வருகிற ஆளைக்கூட இன்னார் என்று சொல்லிவிடலாம். கூவித் தெரிய வேண்டியது மலைக்காட்டில்தான், நம்மூரில் அந்தத் தொல்லை இல்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார். பொள்ளாச்சிக்கு வேன் பிடிக்கிறார்களாம். "உங்கூட்டுல எத்தன பேருங்க வருவீங்க?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"அஞ்சு பேருங்க," என்றான் என் மகன். அவன், அவன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள்.

நான் அடுப்படியில் இருந்தேன். சட்டியை இறக்கி வைத்தேன்.

"ஆறு," என்றேன். தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.