கறுப்புத் திரையில் வந்த பெயர்

செய்யாத குற்றத்தை ஒருவன் ஒப்புக்கொண்டால், அவனை நம்புவதா, இன்னும் அதிகமாகச் சந்தேகிப்பதா?

அருள்பாண்டி விளாங்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். புது கம்ப்யூட்டரில் திறக்காத பழைய படக் கோப்புகளை, கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் புதிய வடிவத்துக்கு மாற்றுவான். 2003இல் சேலை வியாபாரி சீதாராமன் தன் சுங்குடிச் சேலை டிசைன்கள் இருந்த பழைய கோப்புகளைக் கொண்டுவந்தார். அவர் தம்பி வெங்கடேஷ்பாபுவும் கூட வந்தான்.

"படத்தையே காணோம். என்னத்தய்யா மாத்துற?"

"எழுத்துதாண்ணே வரும். படத்தத் திறக்கவே மாட்டேன்."

"திறக்காமயா? பெரிய மந்திரவாதிதான்!" என்ற சீதாராமன், வேலை முடிந்ததும் நகல்களைத் தன் கண்முன்னே அழிக்க வைத்தார்.

அடுத்த மாதம் அதே டிசைன் போட்ட சேலை போட்டிக் கடையில் தொங்கியது. அதை அச்சடித்தவரிடம் பிடுங்கிய சிடியோடு, தம்பியையும் அழைத்துக்கொண்டு வந்தார் சீதாராமன்.

"அழிச்சதெல்லாம் நடிப்பா மாப்ள?"

அருள்பாண்டி சிடியைப் போட்டு, அதன் விவரம் கேட்கும் கட்டளையைத் தட்டினான். சிடியைப் பதிந்தவர் பெயர் வெங்கடேஷ்பாபு என்று வந்தது. பதிந்த தேதியோ, டிசைன்கள் இந்தக் கடைக்கு வருவதற்கு முந்தையது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத சீதாராமன் அருள்பாண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி திரையைப் படித்துவிட்டுத் தலை குனிந்தான்.

அருள்பாண்டி ஒரு கட்டளை தட்டித் திரையில் இருந்த எழுத்தை அழித்தான்.

"என்கிட்டருந்துதாண்ணே போயிருக்கு."

அதன்பின் டிசைன் வேலை எதுவும் அவனிடம் வரவில்லை. வெங்கடேஷ்பாபுவிடம் அவன் எதுவும் வாங்கியதாகவும் தெரியவில்லை. காரணத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை.