கம்பளிக்குள் கேட்ட மழை

பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்து பறித்த காலம். நான்கு வயதாகியும் பேசாத மகள் செல்வியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

"திடீர்னு மேசைக்கடியில பூந்துக்கிறா, இழுத்தா கடிக்கிறா. நாளையிலருந்து கூட்டியாராத," என்றார் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா.

வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவள் அப்போதும் மேசைக்கடியில்தான் இருந்தாள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? நானும் உள்ளே நுழைந்தேன். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. செல்வி காதைப் பொத்தியிருந்தாள். மழைக்காக என் தலையில் போட்டிருந்த கம்பளியை இருவர்மேலும் போர்த்தினேன். இரைச்சல் தணிந்தது. அவள் கையை எடுத்தாள்.

"ஆயாம்மா, இவளுக்கு மழைச் சத்தந்தான் ஒத்துக்கல. கம்பளி இங்கேயே இருக்கட்டும். போர்த்திவிடுங்க, இழுக்காதீங்க."

"அப்ப மலையில நீ நனைவியே?"

"நான் காஞ்சிருவேங்க."

இப்போதும் மழை கொட்டினால் காதைப் பொத்தியும் பொத்தாமலும் கேட்டுப் பார்க்கிறேன். அன்று அவளுக்கு அது எப்படித்தான் கேட்டதோ!