இரு வண்ணப் பயில்வான்

ட்யூப்லைட்டுக்கு நேராக இரண்டு மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இரண்டிலும் கறுப்பு மை மட்டும்தான். ஒன்றில் ஒரு குண்டுப் பயில்வானின் உடம்பும் மீசையும், அவன் தோளில் கிடந்த துண்டின் பாதிக் கோடுகளும். மற்றதில் துண்டின் மீதிக் கோடுகளும் ‘கடலை மிட்டாய்’ என்ற எழுத்துகளும். இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. பாளையங்கோட்டையில் ஒரு மாடியறை டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிக் கார்டும் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள். இரண்டுக்குக் கறுப்பு வெள்ளைத் திரை, என்னுடையதற்கு மட்டும் கலர். முதலாளி மதியம் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில் மவுஸைப் பிடித்து ஆள்களை வரைவேன். சோப்புக் கட்டியால் கோலம் போடுகிற மாதிரி வேலை. கோடு நினைத்த இடத்தில் நிற்காது. திரையைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக வைத்து ஒரு மூக்கை முடிக்க மூன்று மதியங்கள் ஆகும். கோபக்காரக் கண்டக்டர், நாடில்லாத ராஜா, குதிரைக்குப் பயப்படும் குதிரை வீரன் என்று என்னிடம் ஒரு கூட்டமே பிளாப்பியில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் பெயரும் குணமும் உண்டு. இவர்களை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பேன்.

அப்படிச் சொன்னவர் மிட்டாய் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே பாகு காய்ச்சிக் கடலை மிட்டாய் போட்டு, தானே மொபெட்டில் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் பெட்டிக்கடைகளுக்குக் கொடுப்பவர். ஒல்லியான உடம்பு, சத்தமில்லாத பேச்சு. லேபிளுக்கு எழுத்து அடிக்க வந்தவர் என் திரையில் கிடந்த பயில்வானைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இவன் யாரு தாயி? நம்ம மிட்டாயத் தின்னு வளந்த மாதிரில்லா இருக்கான்” என்றார். பிறகு முதலாளி காதில் விழவே சொன்னார்: “எழுத்துக்கு உள்ளத முதலாளிகிட்ட குடுத்துருதேன். படம் நீங்க மூளையக் கசக்கிப் போட்டது. அதுக்குத் தனியா உங்க கையில தருதேன்.”

தந்தார். நான் வரைந்த ஓர் ஆளுக்காக ஒருவர் எனக்குப் பணம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நோட்டுகளைச் செலவழிக்க மனசில்லாமல் வீட்டில் அகராதிக்குள் வைத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் ‘நான் ஓவியக்காரி’ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

சிவகாசியில் அச்சடிக்க, நிறம் கூடக்கூடச் செலவும் கூடும். இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள் என்றார் முதலாளி. திரையில் பளிச்சென்று தெரிந்த இரண்டைத் தேர்ந்தெடுத்துத் துண்டில் மாற்றி மாற்றிக் கோடு போட்டேன். எங்கள் பிரிண்டரோ கறுப்பு மட்டும் அடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தாள், மூலையில் அந்த நிறத்தின் பெயர் பென்சிலால். அண்ணாச்சியும் முதலாளியும் சரிபார்த்தது அந்தக் கறுப்புத் தாள்களைத்தான். எழுத்துப் பிழை பார்த்தார்கள், லேபிளில் போட்ட எடையைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எங்கள் வீட்டில் சாதிப் பேச்சே கிடையாது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பேச வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தோம் என்பது பின்னால்தான் உறைத்தது. சுவரில், கொடிக்கம்பத்தில், பையன்களின் மணிக்கட்டுக் கயிற்றில் என்று ஒரு சாதியின் அடையாளமான அந்த இரண்டு நிறங்களையும் சேர்த்துத் தினமும் பார்த்தவள்தான் நானும். படம் வரையும்போது அவை எனக்கு வெறும் நிறங்களாக இருந்தன. அவை எந்த நிறங்கள் என்று இங்கேகூட எழுத எனக்குத் துணிவில்லை.

லேபிள்கள் அச்சாகி வந்தன. அண்ணாச்சிக்கும் முதலாளிக்கும்கூட அதில் பயில்வான்தான் தெரிந்தான். ஒன்றை என் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தேன். நாலு நாள் கழித்து, தங்கள் சாதித் தலைவருக்குப் பிறந்தநாள் போஸ்டர் அடிக்க ஒரு கல்லூரிப் பையன் வந்தான். அவன் கண் சுவரில் விழுந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“யக்கா, இது நம்ம கலருல்லா. நம்ம ஆளு போட்டதா?”

அவன் அன்பாகத்தான் கேட்டான். அதே பயில்வானைப் போஸ்டரிலும் போட்டுத் தந்தால் கேட்ட பணம் தருவதாகவும் சொன்னான். மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். ஊர்ப்பக்கம் அந்த வாரம் ஏதோ ஒரு சிலையை அவமானப்படுத்திவிட்டதாகப் பேச்சு அடிபட்டு, இரண்டு இடத்தில் பஸ் கண்ணாடி உடைந்திருந்தது. ஒரு கூட்டத்துக்கு அது நம்ம கலர் என்றால், இன்னொரு கூட்டத்துக்கு அது யாருடைய கலர்? அந்தப் பயில்வானை நூற்றுக்கணக்கில் மொபெட்டில் கட்டிக்கொண்டு, எந்தத் தெரு யாருடையது என்று பார்க்காமல் எல்லாத் தெருவுக்கும் போகிறவர் மிட்டாய் அண்ணாச்சி.

முதலாளி அந்தக் கல்லூரிப் பையனை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, சுவர் லேபிளைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். அவர் மாடிக்கதவை உள்ளே தாழிட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அண்ணாச்சி வீட்டுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டார். பூத்காரர் அண்ணாச்சியின் மனைவியைக் கூப்பிட்டு வரக் கால் மணி நேரம் ஆயிற்று. காலையிலேயே அண்ணாச்சி கடைகளுக்குச் சரக்குப் போட லைனுக்குப் போய்விட்டாராம். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்ன ஊர்ப் பெயர்களை முதலாளி திருப்பிச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “வீட்டுக்குப் போம்மா. இத நீதான் போட்டன்னு வெளிய மூச்சுவிடாத” என்றார்.

போனேன். அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பக்கத்துப் பஸ்களை நிறுத்திவிட்டார்கள். மறுநாளும் அண்ணாச்சி வீடு திரும்பவில்லை என்று பூத்காரர் சொன்னார். நான் என் பிளாப்பியிலிருந்து பயில்வானை அழித்தேன். பிறகு அதுவும் போதாதென்று தோன்ற, கண்டக்டர், ராஜா, குதிரை வீரன் எல்லோரையும் அழித்தேன். அவர்கள் யார்மேலும் எந்த நிறமும் தப்பாக இல்லை. பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தெருவில் மொபெட் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் ஓடினேன். அவருக்கு என்ன ஆயிற்றோ என்ற பயமும், என்னைத் தேடி யார் வருவார்களோ என்ற பயமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது பெரியது என்று என்னையே கேட்டுக்கொள்ளக் கூசினேன்.

ஐந்தாம் நாள் அவர் மாடிப்படி ஏறி வந்தார். இடது கையில் கட்டு, உதட்டில் காய்ந்த காயம். முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டார். அண்ணாச்சி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலப் பையச் சொன்னார். ஓர் ஊர் முகப்பில் பஸ் நிழற்குடையில் எதிர்த்தரப்பு ஆள்கள் வண்டியை மறித்திருக்கிறார்கள். பாக்கெட்டுகளை அவிழ்த்துக் கொட்டி, இது யார் சொல்லிப் போட்ட படம், வரைந்தது யார் என்று கேட்டு அடித்திருக்கிறார்கள்.

“நாந்தான் வரைஞ்சேன்னு சொல்லிட்டேன் தாயி. அப்பம் வரைஞ்சு காட்டுலேன்னுட்டானுவ.”

ஒரு செங்கல் துண்டை அவர் கையில் கொடுத்து நிழற்குடைச் சுவரைக் காட்டியிருக்கிறார்கள். பேனா பிடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எதுவும் வரைந்து அறியாதவர். ஒரு வட்டம் போட்டாராம், அது நசுங்கிப் போயிற்றாம். அதற்குள் கண், கீழே மீசை, அதற்கும் கீழே ஒரு தொந்தி. பின்னால் ஒருவன் மொபெட்டிலிருந்து பெட்ரோலைக் கேனில் இறக்குவது காதில் விழுந்துகொண்டே இருந்ததாம். வரைந்து முடித்துத் திரும்பினால் கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு பரவியது.

“சிரிச்சதுனால விட்டானுவ. வண்டியத்தான் கொளுத்துனானுவ” என்றார். காட்டுவழியாக நடந்து, தங்கை வீட்டில் கிடந்திருக்கிறார். என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பதை அவராகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். காயத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே அதைத்தான் கேட்டேன்.

அவர் வந்தது சண்டை போட அல்ல. பயில்வானைக் கடைக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்துப்போயிற்றாம். “கறுப்புல மட்டும் போட்டுத் தாங்க தாயி. துண்டே வேண்டாம். போன தடவ தந்தத இப்பவும் தந்துருதேன்” என்றார். எல்லாம் இழந்து வந்த மனிதர், அப்போதும் என் படத்துக்கு விலை இருக்கிறது என்றுதான் பேசினார்.

“படம் அழிஞ்சிட்டு அண்ணாச்சி” என்றேன்.

“திரும்ப வரையலாம்லா.”

“எனக்கு இனிமே வராது.”

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, முதலாளியிடம் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையால் கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் சுவரில் தோளைச் சாய்த்து இறங்கிப் போனார். நான் கூடப் போய்ப் பிடித்துக்கொள்ளவில்லை. வாசலில் யாராவது நின்று, அந்தப் படத்தை வரைந்தவள் இவள்தான் என்று கண்டுகொண்டால்?

வராது என்று சொன்ன அந்தப் படம் வரைகிற வேலைதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது. கடல் கடந்த ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு மந்திரவாதிகளையும் வீராங்கனைகளையும் வரையச் சொல்லிப் பணம் அனுப்புகிறார்கள். கோடிக்கணக்கான நிறங்கள் கைக்கடியில் இருக்கின்றன. ஆனாலும் ஓர் உடையில் இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கை நின்றுவிடும். இது எந்த ஊரில் யாருடைய கலரோ, இதைக் கட்டிக்கொண்டு யார் எந்தத் தெருவுக்குள் போவாரோ என்று தேடித் தேடிப் படித்த பிறகே அனுப்புவேன். இதைக் கவனம் என்று பாராட்டுகிறார்கள். பயம் என்று நான் திருத்துவதில்லை.

அண்ணாச்சியை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சேரன்மாதேவியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பெட்டிக்கடைப் பாட்டிலில் கடலை மிட்டாய் பாக்கெட்டுகள். லேபிளில் கறுப்பு மை மட்டும். நசுங்கிய வட்டமாக ஒரு முகம், மேலும் கீழுமாக இரண்டு கண்கள், ஒரு பக்கம் நீண்ட மீசை, கீழே தொந்தி. நான் பார்ப்பதைக் கண்டு கடைக்காரர் சிரித்தார்.

“அது அண்ணாச்சியே வரைஞ்சதுல்லா. பிள்ளையெல்லாம் இந்தக் கோணமூஞ்சிக்காரனத்தான் கேக்காவ. இப்பம் வார நேரந்தான், சைக்கிள்லதான் வாராரு.”

ஒரு பாக்கெட் வாங்கினேன். தூரத்தில் சைக்கிள் மணி கேட்டது. முன்னால் வந்து நின்ற பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.