புளோரெஸில் அப்பா அடைத்த வேலி

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் ஸ்காபரோ பேஸ்மென்ட்டில் கூடியிருந்தவர்கள்: அப்பா, அம்மா, அஜக்ஸிலிருந்து காரோடி வந்த டொமினிக் மாமா, நான். போன் திரையில், இந்தோனேசியாவிலிருந்து, பெரியம்மாவின் மகன் யூட் அண்ணை. வராதவர் ஒரே ஒருவர் — யூட் அண்ணையின் மனைவி மரியா மச்சாள். அங்கே அப்போது ஞாயிறு காலை. அவர் கோயிலில் பாட்டுப் பாடப் போய்விட்டார்.

பேசப்போவதோ அவருடைய ஊர்க் காணியைப் பற்றி. அவர் வந்த பிறகு பேசுவோமே என்று யாராவது சொன்னோமா? ம்ஹூம்... மாமா ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டார். கூட்டம் தொடங்கிவிட்டது.

யூட் அண்ணையை உங்களுக்குத் தெரியாது. அவுஸ்திரேலியாவுக்குப் படகேறி, இந்தோனேசியாவோடு நின்றுபோனவர். வருடக்கணக்கில் காத்திருந்த இடத்தில் மரியா மச்சாளைச் சந்தித்தார். காத்திருப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்தார். இப்போது புளோரெஸ் தீவில், மலைக்கு மேலே, மச்சாளின் ஊரில் இருக்கிறார்கள்.

துறைமுகப் பட்டினத்திலிருந்து நாலு மணித்தியாலப் பயணம். கடைசித் துண்டுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் போகும். தண்ணீர் மூங்கில் குழாயில் வரும். போன் சிக்னல் ஒரு பலா மரத்தின் கீழ் மட்டும் வரும். கோப்பி, கிராம்பு, நெல். ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள் — அதனால் அம்மாவுக்கு அந்த ஊரில் ஒரு குறையும் கிடையாது.

வயல்தான் அதிசயம். சிலந்தி வலை மாதிரி வட்டமாக இருக்கும். நடுவில் ஒரு முளை. அதிலிருந்து கோடுகள் வெளியே விரியும். குடும்பத்துக்கு ஒரு கீற்று.

யூட் அண்ணை அனுப்பியிருந்த வயல் படத்தை அப்பா கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"உது காணியோ, பீட்சாவோ?"

"இதைப் பாக்கத்தான் சித்தப்பா வெள்ளைக்காரர் மலையேறி வருகினம்" என்றார் யூட் அண்ணை. "வந்தால் படுக்க இடமில்லை. மலை விளிம்பில ரெண்டு மூண்டு அறை போடலாம் எண்டு ஊர்ப் பெரியாக்கள் சொல்லிப்போட்டினம். ரோட்டும் போடப் போயினமாம். ஆளுக்கு ஐயாயிரம் டொலர் போட்டால் காணும்."

ஐயாயிரம்! ரொறன்ரோவில் ஐயாயிரத்துக்கு என்ன வாங்கலாம்? வீட்டின் கதவுப் பிடியை வாங்கலாம். மாமாவின் கண்ணில் அப்போதே ஓய்வுகாலமும் சாய்வுகதிரையும் தெரிந்தன.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி மிதித்தவன் நான். கரண்ட் பில் வந்தாலும் டொக்டரின் கடிதம் வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். இப்போது இந்தோனேசியக் காணிச் சட்டமும் வந்துவிட்டது. ஒரு கிழமையாக வாசித்ததைச் சொன்னேன் — வெளிநாட்டவர் அங்கே காணியைச் சொந்தமாக வாங்க முடியாது. அதிலும் அந்த ஊரில் காணி தனி ஆளுக்குரியதல்ல, குலத்துக்குரியது.

"வாங்க ஏலாதெண்டால் என்னத்துக்கடா கூட்டம்?" என்றார் மாமா.

"குத்தகைக்கு எடுக்கலாம் மாமா."

"குத்தகை, வாடகை... எல்லாம் ஒண்டுதான்" என்றார் அப்பா. "இந்த நாட்டுக்கு வந்த நாள் துவக்கம் ஆரோ ஒராளின்ர பேஸ்மென்ட்டிலதானே இருக்கிறன்."

அவரே போன் பக்கம் திரும்பினார்.

"யூட், எத்தினை பரப்பு வரும்?"

"இஞ்ச பரப்புக் கணக்கில்லை சித்தப்பா. விரல் கணக்கு. நடு முளையில விரலை வைச்சு அளப்பினம். வெளியில போகப் போக அகலும்."

மாமா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ர விரலெண்டால் ஒரு ஹோட்டலே கட்டலாம்."

"சரி, விரலோ காலோ" என்றார் அப்பா, "முதல்ல வேலியை அடை. மிச்சத்தைப் பிறகு பாப்பம். நான் காசு அனுப்புறன்."

"மூங்கில் மட்டும் காணாது. முள்ளுக்கம்பியும் ரெண்டு வரி இழுத்து விடு" — இது டொமினிக் மாமா. வாயில் ரோல்ஸ்.

சொல்லுங்கள், நம்மவர்களில் யார் இதை மறுத்துப் பேசியிருப்பார்கள்? எங்களுக்குக் காணி என்றால் முதலில் வேலி, பிறகு கிணறு, பிறகுதான் வீடு. ஊரில் ஒரே ஒரு கதியால், வேலிக்கு நடும் பச்சைத் தடி, ஒரு சாண் தள்ளி நடப்பட்டதற்காக அப்பாவும் அவருடைய தம்பியும் எத்தனை வருடம் பேசாமல் இருந்தார்கள்! இப்போது ஒருவர் கனடாவில், ஒருவர் டென்மார்க்கில். கதியால் மட்டும் அங்கேயே தழைத்து நிற்கிறதாம்.

யூட் அண்ணையும் வேலி அடைத்தே பழகிய எங்கள் தீவகத்துப் பிள்ளைதானே? அடுத்த வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மலை விளிம்பில் இளம் மூங்கில் வேலி — நேராக, நெருக்கமாக, அழகாக. நாங்கள் இதயம் இதயமாக அனுப்பினோம். அம்மா கும்பிடு கை போட்டார். அப்பா அந்தப் படத்தை வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டினார். 'என்ர காணி' என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு வந்த அழைப்பில் யூட் அண்ணை சிரிக்கவில்லை.

அங்கே இப்போது கோப்பி பழுத்திருக்கிறது. இன்றைக்கு உன் தோட்டம், நாளைக்கு என் தோட்டம் என்று ஊரே சேர்ந்துதான் பறிப்பார்கள். அன்றைக்கு யூட் அண்ணையின் முறை. மச்சாள் விடியவே எல்லோருக்கும் சமைத்து வைத்துக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அவருடைய சொந்த அண்ணனே வாசலால் தலையைக் குனிந்துகொண்டு போனாராம்.

"பழம் கொட்டுண்டு போகுது சித்தப்பா. ரெண்டு பேர் பறிச்சு முடிக்க ஏலுமோ? இந்தக் கோப்பிதான் எங்களுக்கு வருசச் சாப்பாடு."

"ஏன் வரேல்லையாம்?" என்றார் அப்பா.

போனை யாரோ பறித்தார்கள். திரையில் மரியா மச்சாள். அவர் தமிழை யூட் அண்ணையிடம் மட்டுமே கற்றவர் — அதனால் பேசினால் ஊர்காவற்றுறைச் சந்தையில் மீன் விலை கேட்பது மாதிரியே இருக்கும்.

"மாமா, ஏன் வேலி?" என்று அப்பாவைக் கேட்டார்.

"அது பிள்ளை... களவு கிளவு போகாமல்..."

"இஞ்ச ஆர் மாமா களவெடுக்கிறது? இஞ்ச வேலி பண்டிக்குத்தான். பண்டி உள்ளுக்கு வராமல் அடைக்கிறது. இப்ப சனம் கேக்குது, நாங்கள் என்ன பண்டியோ எண்டு."

பன்றி என்றதும் டொமினிக் மாமா மெதுவாகத் தன் ஜாக்கெட்டைத் தேடினார்.

"இருங்கோ, எங்க போறியள்?" என்றார் அம்மா. மாமா இருந்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "அப்ப இப்ப என்ன செய்யோணும் பிள்ளை?"

"உதை அண்டைக்கே என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். அப்பா முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஊரில் எந்தப் பிழைக்கும் வழி இருக்கிறது. ஒரு பன்றி, ஒரு சேவல், பனை மாதிரியான ஒரு மரத்திலிருந்து இறக்கும் கள்ளு. பிழை நடந்த நிலத்திலேயே ஊர் கூட வேண்டும். பிழை விட்டவர் தன் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். அதோடு கதை முடிந்தது. மறுபடி அந்தப் பேச்சை எடுத்தால் எடுத்தவருக்குத்தான் குற்றம். (இந்தக் கடைசி விதியை ரொறன்ரோவின் கல்யாண மண்டபங்களில் எழுதி ஒட்டலாம்.)

"கட்டினவர் யூட்" என்றார் மச்சாள். "கட்டச் சொன்னது நீங்கள். நீங்கள்தான் மாமா கேக்கோணும்."

அடுத்த சனிக்கிழமை மாலை அப்பா என் பட்டமளிப்புக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போனை மேசையில் தேநீர்க் கேத்திலில் சாய்த்து வைத்தோம். அங்கே, வேலிக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பலா மரத்தின் கீழ் ஊரே நின்றது. பெரியவர் ஒருவர் சேவலைக் கையில் பிடித்திருந்தார். சேவலும் எங்களையே பார்த்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் அப்பாவுக்கு நல்ல தமிழில் ஒரு பேச்சுத் தயாரித்துக் கொடுத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. எழுந்து நின்றார்.

"நான் பிழை விட்டிட்டன். எங்கட ஊரில வேலி அடைக்காட்டில் காணி இருக்காது. அந்தப் பயம் என்னோட இவ்வளவு தூரம் வந்திட்டுது. கோவத்தை என்னோட வைச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையளின்ர கோப்பியைக் கைவிடாதேங்கோ."

மச்சாள் அதைத் தன் பாஷையில் சொன்னார். பெரியவர் நீளமாகப் பேசத் தொடங்கினார். பாதியில் சேவல் கூவியது. அங்கே சிரித்தார்கள், இங்கேயும் சிரித்தோம். பேசி முடித்ததும் மச்சாள் திரும்பினார்.

"இனி நல்லாத்தான் போகும். எப்ப வாறீங்கள் எண்டு கேக்கிறார்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து அம்மா, "ரிக்கற் மலிவெண்டால் தைமாசம்!" என்று கத்தினார்.

அதற்குள் அங்கே நாலைந்து பேர் வேலியைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். முந்தி வந்து முதல் மூங்கிலைப் பிடுங்கியவர் மச்சாளின் அண்ணன். அந்த மூங்கிலில்தான் பன்றி வெந்தது. திங்கட்கிழமை யூட் அண்ணையின் தோட்டத்தில் நிற்க இடமில்லாமல் ஆட்கள். கோப்பி முழுக்கப் பறித்தாகிவிட்டது.

அறைகள்? போடலாமாம். குத்தகை வேண்டாம், உறுதிப் பத்திரம் எழுத வேண்டாம். இருக்கும்வரை இடம், போனால் நிலம் குலத்துக்கே திரும்பிவிடும்.

"உறுதியில்லாத இடத்தில ஐயாயிரமோ?" என்று மாமா பின்வாங்கிவிட்டார். முதலீடாகப் பார்த்தால் அவர் சொல்வது சரி. உங்களில் யாராவது கேட்டால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அப்பா, 'என்ர காணி' என்பதை விட்டுவிட்டு, 'எங்கட இடம்' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். விமான ரிக்கற் விலையை இப்போது தினமும் பார்க்கிறார்.

வேலிச் செலவையும் பன்றிச் செலவையும் பங்கு பிரிக்கும் கணக்கில்தான் ஒரு சிக்கல். வேலிக் காசைத் தன் பங்கில் கழிக்க வேண்டும் என்கிறார் டொமினிக் மாமா — தான் வேலியே வேண்டாம் என்று சொன்னவராம்!

பன்றி, சேவல், கள்ளு, அரிசி, பிடுங்கிய மூங்கில், காசு அனுப்பிய கூலி... எல்லாம் சேர்த்து நானூற்று எழுபத்திரண்டு டொலர். மாமா இழுக்கச் சொன்ன முள்ளுக்கம்பி சேர்க்கப்படவில்லை.