ஞாயிற்றுக்கிழமை முகங்கள்

அந்தக் குடியிருப்பில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பாள். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பாள். சூடு காட்டிக் காதுக் கொம்பை வளைப்பாள். ஆட்களின் பெயர் அவளுக்கு மறந்துபோகும். மூக்கும் காதும் மறக்காது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பெண்கள். ஓர் அறை, ஒரு கூடம், ஓர் ஆள் மட்டும் திரும்பக்கூடிய சமையலறை. அந்தக் கூடத்தில்தான் கணவரின் தம்பி பதினான்கு மாதம் படுத்திருந்தான். வேலைக்கென்று வந்தவன், வந்த ஆறாம் மாதம் அவனுடைய கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வேலை தேடிக் கிளம்புவான், சாயங்காலம் மடிப்புக் கலையாமல் திரும்புவான். அவனுடைய இடது காது வலதைவிடச் சற்றுத் தாழ்ந்தது. எந்தக் கண்ணாடியும் அவன் முகத்தில் கோணலாகவே உட்காரும். அண்ணிதான் ஒரு ஃபிரேமை வளைத்துச் சரிசெய்து கொடுத்தாள்.

"இப்பத்தான் அண்ணி உலகம் நேரா தெரியுது" என்று சிரித்தான்.

ஒரு நாள் பத்து மணி நேரம் நின்ற காலோடு அவள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் கழுவாத பாத்திரங்கள். கூடத்தில் கொழுந்தன் சின்னவளைத் தோளில் உட்காரவைத்து யானை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். குழந்தையின் கால் பட்டு விளக்கு ஆடியது. அவளுக்குள் என்னவோ பொத்துக்கொண்டது.

"தம்பி, இந்த வீட்டுல நாலு பேருக்குத்தான் இடம். அஞ்சாவது ஆளுக்கு மூச்சு விடக்கூட இடமில்ல."

அவன் குழந்தையை இறக்கிவிட்டான். "சரி அண்ணி" என்றான். பாத்திரங்களையும் அவனே கழுவிவைத்தான்.

மறுநாள் காலையில் போர்வை மடித்து வைத்திருந்தது. பையும் இல்லை, ஆளும் இல்லை. போன் அணைந்திருந்தது. போலீஸில், வயது வந்த ஆள், தானாகப் போயிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான், தான் சொன்ன வார்த்தையை அவள் கணவரிடம் சொன்னாள்.

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேங்க."

"பைத்தியமா நீ? கோவம் தணிஞ்சா வந்துடுவான்" என்றார் அவர்.

மூன்றாவது வாரம், ஏரிக்கரையில் படகுத் துறையில் அவனைப் போல ஒருவனைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பஸ்ஸில் நாற்பது நிமிஷம். குழந்தைகளைத் தனியாக விட முடியாது. "பிக்னிக் போறோம்" என்று சொல்லிச் சாப்பாடு கட்டிக்கொண்டு நால்வரும் கிளம்பினார்கள். அவன் அங்கே இல்லை. பெண்கள் இரண்டும் படகில் ஏறிய குஷியில் வீடு வரும்வரை வாய் மூடவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த ஞாயிறு அணைக்கட்டு. அதற்கடுத்தது பூங்கா. பிறகு கடற்கரை, மிருகக்காட்சிசாலை, பழைய ரயில் எஞ்சின்களை நிறுத்திவைத்த இடம். கையில் காசில்லாதவன் தூரம் போயிருக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. போகும் இடத்தையெல்லாம் அவளே முடிவுசெய்வாள். கணவர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் எடுப்பார், பையைச் சுமப்பார், அவள் நடக்கும் வேகத்துக்கு ஒட்டி நடப்பார்.

அக்கம்பக்கத்தில் பொறாமைப்பட்டார்கள். "வாழ்ந்தா கண்ணாடியக்கா மாதிரி வாழணும். வாரம் தவறாம ஊர் சுத்தறாங்க" என்றார்கள். எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் அவள் எங்கோ ஓரமாகப் பார்த்தபடி இருந்தாள். "அம்மா போட்டோவுக்கு நிக்கறாங்களா, பஸ்ஸுக்கு நிக்கறாங்களா?" என்று மூத்தவள் கிண்டலடிப்பாள். மிருகக்காட்சிசாலையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னபோது சின்னவள் எழுதினாள்: 'நாங்கள் புலியைப் பார்த்தோம். அம்மா மனிதர்களைப் பார்த்தார்கள்.'

அவளுக்கு அவன் எங்கும் இருந்தான். டிக்கெட் வரிசையில் யாராவது தொண்டையைச் செருமினால் திரும்புவாள். முன்னால் போகும் பஸ்ஸின் கடைசி ஜன்னலில் அவன் தலை தெரியும். கிட்டப் போனால் வேறு யாரோ. வேறு யாரோ என்று தெரிந்த பிறகும் அந்த முகத்தில் அவன் சாயல் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலையிடத்திலும் விடவில்லை. யாருக்காவது காதுக் கொம்பை வளைக்கும்போது "சரி அண்ணி" என்று குரல் கேட்கும். அதே பணிவோடு, துளிக் கோபம் இல்லாமல். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

சின்னவளுக்கு ஒன்பது வயதானபோது மீன் காட்சியகத்துக்குப் போனார்கள். இருட்டான நடைவழி, இரண்டு பக்கமும் நீல வெளிச்சத்தில் தொட்டிகள். கணவரும் மூத்தவளும் சுறா இருந்த பக்கம் போயிருந்தார்கள். சின்னவள் சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு கடல்குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒருவன் கடந்துபோனான். தொட்டி வெளிச்சத்தில் அவன் பின்தலை தெரிந்தது. இடது காது தாழ்ந்திருந்தது.

அவள் அவன் பின்னால் போய்விட்டாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு, ஒரு நடைவழியிலிருந்து இன்னொன்றுக்கு, படியேறி, மறுபடி இறங்கி. வெளியேறும் வாசலில் அவன் கையைப் பிடித்துவிட்டாள். திரும்பியவன் முன்பின் தெரியாத ஆள். கோபப்படாமல் அவன் பாஷையில் கேட்டான்: "யாரையாவது தொலைச்சுட்டீங்களா?"

"ஆமா" என்றாள். சொன்ன பிறகுதான் சின்னவளின் நினைவு வந்தது.

கடல்குதிரைத் தொட்டிக்கு முன்னால் குழந்தை இல்லை. முக்கால் மணி நேரம் தேடினார்கள். கடைசியில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னாலிருந்த அறையில், காவலாளியின் நாற்காலியில், பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "நீங்க ஓடுனீங்கம்மா. கூப்பிட்டேன், திரும்பவே இல்ல" என்றாள்.

வெளியே வந்து பெண்கள் இருவரையும் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் அனுப்பிவிட்டு, கணவர் அவளைச் சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்தார். உச்சி வெயில்.

"இனிமே தேட வேண்டாம்."

"இன்னிக்கு நான் பண்ணது தப்புதாங்க. ஆனா..."

"அவன் இல்ல. அவன் போய் அஞ்சாம் மாசமே முடிஞ்சு போச்சு."

அவளுக்குப் புரியவில்லை. அவர் கீழே பார்த்தபடியே சொன்னார். ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரத்தில் ஒரு நகரம். அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு மேலே ஆறு பேர் தங்கிய அறை. படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். சட்டைப் பையில் அண்ணனின் ஆபீஸ் நம்பர் இருந்தது.

"ட்ரெயினிங்னு மூணு நாள் போனேனே, அப்பதான். எல்லாம் நான் ஒருத்தனே செஞ்சு முடிச்சேன்."

அவளுக்கு நினைவிருந்தது. காய்ச்சலோடு திரும்பி வந்து இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆளைப் பிழிந்தெடுக்கிறார்கள் என்று அவர் கம்பெனியைத் திட்டியபடியே கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

"ஏங்க சொல்லல?"

"உயிரோட இருக்க மாட்டேன்னு சொன்னியே. நம்பிட்டேன். அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு நெனப்பேன். ஞாயித்துக்கெழமை காலையில நீ தலைவாரி, சாப்பாடு கட்டி, கெளம்பி நிப்ப. எப்படிச் சொல்றது?"

"அப்ப இத்தன வருஷமா நீங்க யாரைத் தேடுனீங்க?"

"நான் தேடல. நீ எங்கயும் தடுக்கி விழாம பாத்துக்கிட்டேன்."

அவள் கேட்டாள்: "என் மேல கோவமா இருந்தாராமா?"

"வீட்டப் பத்தி யார்கிட்டயும் பேசினதே இல்லையாம்." அவர் சொன்னது உண்மையா, கேட்பவள் மனம் நோகாமல் இருக்கச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்பிக் கேட்கவும் துணிவில்லை.

பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. "சாப்பிட வாங்க" என்பதைத் தவிர. கடையில் இரண்டு லென்ஸ்களை உடைத்தாள். பெண்களிடம் விஷயத்தைச் சொன்னபோது மூத்தவள் அழுதாள். சின்னவள் "எனக்கு சித்தப்பா முகமே ஞாபகம் இல்லையே" என்று குற்றம் செய்தவள் போலச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேரும் வீட்டுக்குள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வளைய வந்தார்கள். சின்னவளே கடைசியில் கேட்டாள்: "நாம இனிமே எங்கயுமே போக மாட்டோமா?"

இரண்டு மாதம் கழித்து, அரைமணி தூரத்திலிருந்த மலர்த்தோட்டத்துக்குப் போனார்கள். பெண்கள் முன்னால் ஓடினார்கள். அவள் செடிகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனாள். ஏதோ பூவைக் காட்டப் பக்கத்தில் திரும்பினால் கணவரைக் காணோம்.

இருபதடி பின்னால், பாதை நடுவில் அவர் அசையாமல் நின்றிருந்தார். ஜனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எதிர்ப்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் நீலச் சட்டை போட்ட ஒருவன் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவர் பார்வை அவன் முதுகை விட்டு நகரவில்லை.

அவள் அருகில் போய் அவர் முழங்கையைப் பிடித்தாள். "அது அவர் இல்லைங்க."

"தெரியும்" என்றார். "கையைத் தொட்டுப் பாத்தவன் நான். எனக்குத் தெரியாதா? ஆனா உங்கிட்ட சொன்ன நாள்லேருந்து, போற எடத்துல எல்லாம் நிக்கறான்."

நீலச் சட்டைக்காரன் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.