பூசணித் தோட்டத்தில் மாமாவுக்கு என்ன வேலை

அந்த ஒக்ரோபர் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பூசணிக்காய்தான். பூசணிக்காய்க் கறி, பூசணிக்காய்ச் சாம்பார். ஒருநாள் அம்மா பொறுமை இழந்து பூசணிக்காய் வடைகூடச் சுட்டுப் பார்த்தார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசுவதில்லை. கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற குடியிருப்பில் பதினான்காவது மாடியில் குடியிருந்த எங்களுக்கு இத்தனை பூசணிக்காய் கிடைத்ததற்குக் காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி. சனி, ஞாயிறுகளில் நகரத்துக்கு வடக்கே ஒரு பூசணித் தோட்டத்தில் வேலைக்குப் போய்வந்தார். சனி இரவு அங்கேயே தங்கிவிடுவார். ஞாயிறு பின்னேரம் வரும்போது குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு காயை இடுப்பில் ஏந்திக்கொண்டு வருவார்.

தோட்டத்தில் என்ன வேலை என்று அம்மா கேட்டால், "எல்லா வேலையும்தான் அக்கா" என்பார். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த தம்பி இங்கே குளிரில் குனிந்து காய் பிடுங்குகிறானே என்று அம்மாவுக்குக் கவலை. அதனால் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

மாமா அந்த வருடம்தான் கனடாவுக்கு வந்திருந்தார். எங்கள் வரவேற்பறை சோபாவில்தான் படுக்கை. மாமி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார். மாமாவின் அகதி வழக்கு வென்றால்தான் மாமியைக் கூப்பிடலாம். விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனாலும் நாலு வார்த்தையாவது தன் வாயால் சொல்லவேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. வீட்டில் இங்கிலீசு நன்றாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். பதினொரு வயதில் நான் ஆசிரியை ஆன கதை இதுதான்.

நல்ல ஆசிரியை என்று சொல்லமாட்டேன். என்னிடம் ஒரு சிவப்புப் பேனை இருந்தது. கடைகளின் விளம்பரத்தாளில் எவனாவது சிரித்துக்கொண்டிருப்பான், அவனைக் காட்டி, "உமக்கு இந்த மனிதரைத் தெரியுமா?" என்று விசாரணை அதிகாரிபோல இங்கிலீசில் அதட்டுவேன். மாமா "ஐ டோன்ற் நோ" என்று சொல்லி நிறுத்திவிடுவார். எனக்கு அது போதாது.

"ஆளைத் தெரியாது எண்டால் கடைசியிலை 'ஹிம்' எண்டு சொல்லவேணும் மாமா. ஐ டோன்ற் நோ ஹிம்."

"தெரியாத ஆளுக்கு என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவு மரியாதை?" என்பார் மாமா.

நான் சிரிக்கமாட்டேன். கொப்பியில் சிவப்பாக ஒரு பிழை போடுவேன். அந்தக் கொப்பியில் பக்கம் பக்கமாகப் பிழைதான் இருந்தது.

இப்படி வீட்டில் அதிகாரம் செய்த நான், பள்ளிக்கூடத்தில் வேறு ஆள். அங்கே எனக்கு மெலிசா என்று ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். அவளும் அவளுடைய கூட்டமும் என்னைத் தங்கள் மேசையில் இருத்திச் சாப்பிட விட்டது அந்த வருடம்தான். அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள நான் சில பொய்கள் சொல்லியிருந்தேன். அதில் பெரியது, எங்கள் வீட்டில் இங்கிலீசு மட்டும்தான் பேசுவோம், வேறு பாஷை எனக்குத் தெரியாது என்பது.

மெலிசாவின் பிறந்தநாளுக்கு, ஒரு சனிக்கிழமை, ஐந்து பெண்களை அவளுடைய தாய் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு தோட்டத்துக்குப் போனார். ஹலோவீன் காலத்தில் அங்கே வைக்கோல் வண்டியில் ஏற்றுவார்கள், பேய்க் களஞ்சியம் என்று ஒன்றுக்குள் விட்டுப் பயமுறுத்துவார்கள். வீட்டில் நான் பேயைப் பற்றிச் சொல்லவில்லை, பூசணித் தோட்டம் என்று மட்டும் சொன்னேன். "நீயும் காய் பிடுங்கப் போறியோ?" என்று அம்மா சிரித்தார். மாமாவின் தோட்டமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றவேயில்லை. கனடாவில் ஒரு தோட்டமா இருக்கிறது!

பின்னேரம் மூன்று மணி. வெளியே நல்ல வெளிச்சம். களஞ்சியத்துக்குள் நுழைந்தால் கும்மிருட்டு. தொங்கும் நூல்கள் முகத்தில் உரசின. எங்கேயோ சங்கிலி இழுபட்டது. மற்றவர்கள் கத்திக் கத்திச் சிரித்தார்கள். நான் கத்தினேன், சிரிக்கவில்லை. கடைசி அறையில் நீல வெளிச்சத்தில் ஒரு பிரேதப் பெட்டி. நாங்கள் கிட்டப் போனதும் மூடி படாரென்று திறந்து, வெள்ளை முகமும் இரத்தம் வழியும் வாயுமாக ஒரு பிணம் எழுந்து ஊளையிட்டது. நான் அப்படியே வைக்கோலில் குந்திவிட்டேன். ஓவென்று அழுதேன்.

பிணம் ஊளையைப் பாதியில் நிறுத்தியது. பெட்டிக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"பயப்பிடாதை பிள்ளை. நான்தான், மாமா."

என் அழுகை அந்தக் கணமே நின்றுவிட்டது. பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பவுடர் அப்பிய மணிக்கட்டில், றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கட்டிய சிவப்பு நூல்.

மற்றவர்களின் சிரிப்பும் நின்றுவிட்டது. இது என்ன பாஷை, உனக்கு இந்த ஆளைத் தெரியுமா என்று மெலிசா கேட்டாள். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமா சிரித்துக்கொண்டிருந்தார். வாயில் சாய இரத்தத்தோடு, என் சிநேகிதிகளை நான் அறிமுகப்படுத்தப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐ டோன்ற் நோ ஹிம்" என்றேன்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. தடுமாறிச் சொல்லியிருந்தாலாவது மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, பாடம் நடத்தும் குரலில் சொன்னேன். மாமா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு படுத்து, மூடியைத் தானே இழுத்து மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு சின்ன ஊளை கேட்டது. மெலிசாவின் கூட்டம் திரும்பவும் சிரித்தது. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வெளியே வந்து இரண்டு டோனட் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நானே ஒரு ஆறுதல் கண்டுபிடித்தேன். மாமாவுக்கு இங்கிலீசு தெரியாது. நான் சொன்னது விளங்கியிருக்காது. மறுநாள் மாமா வழக்கம்போலப் பூசணிக்காயோடு வந்து, ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றியபோது அது நிச்சயமாகிவிட்டது.

ஆனால் திங்கட்கிழமை மெலிசா, விசித்திரமாகப் பேசும் பிணத்தைப் பற்றி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை இன்னும் பத்துப் பேர் போகப்போகிறார்களாம், நானும் வரவேண்டுமாம். திரும்பவும் மாமா என்னோடு பேசினால்? அன்று பின்னேரம் அம்மா பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, மாமா அங்கை காய் பிடுங்கேல்லை. பிரேதப் பெட்டிக்குள்ளை செத்த ஆள் மாதிரிப் படுக்கிறதுதான் வேலை."

அம்மாவுக்கு இது எப்படிப் படும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கத்தி பலகையிலேயே நின்றுவிட்டது.

மாமா வெளியே போய்வந்து கதவைத் திறந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். "உனக்கென்ன விசரோடா தம்பி? அங்கை ஒருத்தி தாலியோடை உன்ரை முகத்தைப் பாக்கக் காத்துக்கொண்டிருக்கிறாள். நீ இங்கை உயிரோடை பெட்டிக்குள்ளை போய்ப் படுக்கிறாய்!"

"நடிப்புத்தானே அக்கா" என்றார் மாமா. "வெளியிலை காய் பிடுங்க விரல் விறைச்சுப் போகுது. பெட்டிக்குள்ளை நல்ல சூடு."

அம்மா அழத் தொடங்கினார். அழுதுகொண்டே சட்டென்று என் பக்கம் திரும்பினார். "உனக்கெப்பிடியடி உது தெரியும்?"

மாமா ஒரு வசனம் சொன்னால் போதும், நான் தொலைந்தேன். மாமா என்னைப் பார்த்தார். களஞ்சியத்தில் பார்த்த அதே பார்வை.

"நான்தான் அவளுக்குச் சொன்னனான்" என்றார். "பகிடிக்குச் சொன்னது. பிள்ளையிலை பிழையில்லை."

மாமாவுக்கு உடனே தலைமுழுக்கு. பிறகு அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட, கூரையில் இருந்த புகைமணி வீரிட்டு அலறியது. ஈரத்தலையோடு மாமா கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினார். அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குப் பதிலாக மாமா கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றார். பூசணிக்காய் வருவது நின்றது. தை மாதம் வரை மாமாவுக்கு வேறு வேலை எதுவும் கிடைக்கவில்லை. சோபாவில் போர்வையை மடித்து வைத்துவிட்டு யன்னலால் கீழே பார்த்துக்கொண்டிருப்பார். நான் மட்டும் மெலிசாவின் மேசையில் நிம்மதியாக இருந்து சாப்பிட்டேன்.

புகைமணி அலறிய மறுநாளே எங்கள் பாடம் திரும்பவும் தொடங்கிவிட்டது. விளம்பரத்தாளில் பனிச்சப்பாத்து விற்கிற ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைக் காட்டி, உமக்கு இந்த மனிதரைத் தெரியுமா என்று வழக்கம்போல இங்கிலீசில் அதட்டினேன்.

மாமா படத்தைப் பார்த்தார்.

"ஐ டோன்ற் நோ ஹிம்."

ஒரு சொல் குறையவில்லை. கடைசிச் சொல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. குரலின் ஏற்ற இறக்கம்கூட என்னுடையதுபோலவே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாமா! முழுக்கச் சரி! எங்கை பழகினீங்கள்?"

"வேலையிலை, பிள்ளை."

நான் சிவப்புப் பேனையை எடுத்துப் பெரிதாக ஒரு சரி போட்டேன். மாமா கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொப்பியில் அவருக்குக் கிடைத்த முதல் சரி அது. அதனால்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.