திரும்பி வந்த இடியப்பம்

கப்பலில் வேலை செய்த என் கணவர் இறந்த பிறகுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போது நான் லிங்கநகரில் அவருடைய அக்காவோடு இருந்தேன். மச்சாள் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். துறைமுகத்தடிச் சாப்பாட்டுக் கடையொன்றுக்கு நான் இடியப்பம் அவித்துக் கொடுத்து வந்த காசில்தான் இருவருடைய சீவியமும் போனது.

நோயைப் பற்றி எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலை கடைக்காரர் என் கூடையைத் தொடாமல் வாசலிலேயே நின்றார்.

"இனிக் கொண்டு வராதேங்கோ தங்கச்சி. எனக்கொண்டுமில்லை, சனந்தான் கதைக்குது."

மச்சாள் ஏற்கெனவே நான் சோறு சாப்பிடும் கோப்பையைப் பிரித்து வைத்திருந்தார். தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்வார். இப்போது அரிசியும் குறைந்துகொண்டே வந்தது. சண்டைக் காலம்; ஊரடங்கு, சுற்றிவளைப்பு என்று கடைகள் பூட்டியே கிடந்தன. வெறுவயிற்றில் மருந்துக் குளிசையைப் போட்டால் குடலைப் பிரட்டும். வாந்தியோடு குளிசையும் போய்விட்டதோ என்று பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒருநாள் மச்சாளே சொன்னார்.

"நீ அவி. நான் கிண்ணியாப் படகுத்துறையடிக்குக் கொண்டுபோறன். அங்க எங்களை ஆருக்கும் தெரியாது."

"தெரிஞ்சால் மச்சாள்?"

"தெரியிற வரைக்கும் சாப்பிடுவம்."

அவர் போனதிலிருந்து வாசற் படலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் பிந்தினாலும் எழுந்துபோய்த் தெருவை எட்டிப் பார்ப்பேன். சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்களா, யாராவது கண்டுபிடித்துவிட்டார்களா?

கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் மச்சாள் நிறைந்த கூடையோடு திரும்பி வந்தார். படகுத்துறையில் அவரைக் கண்டுவிட்ட எங்கள் தெருப் பெண்கள் சிலர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்கள்.

"ஊர்ச் சனத்துக்கு சாப்பாட்டோட நோயைத் தீத்தவோ வெளிக்கிட்டனீங்கள்?"

மச்சாள் படலையடியில் கூடையை இறக்கி, நிலத்தில் குந்தினார். ஒரு இடியப்பத்தை எடுத்து, சம்பலுமில்லாமல் வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று.

"நான் ஒவ்வொரு நாளும் இதைத்தான் திண்டுகொண்டிருக்கிறன். எனக்கென்ன வந்தது? பாருங்கோ!"

அது பொய். நோய் தெரிந்த நாளிலிருந்து என் கைச் சாப்பாட்டை அவர் தொட்டதேயில்லை.

பெண்கள் போய்விட்டார்கள். கூடையில் மிஞ்சியதை இருவரும் இருந்து சாப்பிட்டோம். அன்று குளிசை வயிற்றில் தங்கியது.

மறுநாள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "இவள் சமைச்சதைச் சாப்பிட்டால் எனக்கும் வருமோ டொக்டர்?"

"வராது அம்மா."

"ஒரே கோப்பையில சாப்பிட்டால்?"

"அப்பவும் வராது."

வெளியே வந்த பிறகும், "வராதெண்டுதானே சொன்னவர்?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். ஓம் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

இடியப்பத்தை அதற்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. மச்சாள் தன் காதுத் தோட்டை விற்றுக் கோழி வளர்த்தார். முட்டைக்கு ஓடு இருப்பதாலோ என்னவோ, வாங்குவதற்குச் சனம் பயப்படவில்லை. ஊரடங்கு நாட்களில் அதுவும் விலைப்படாது. அப்போது முட்டையை அவித்து, ஒரே கோப்பையில் வைத்து, ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.